பென்சன் லிஸ்டைச் சலிக்க எந்தச் சல்லடை? எங்கள் ஏரியா மனுவுக்காகப் போட்ட கணக்கு

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் இருக்கும் ஆயா ஒருவருக்கு ஏழு மாதம் முதியோர் பென்சன் வரவில்லை. முதல் மாதம் வங்கி முகவர் ஊருக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டார், அடுத்த மாதம் மெஷின் ரிப்பேர் என்று யாரோ சொன்னதை நம்பினார், மூன்றாவது மாதம் மகளைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனபோது அங்கே இருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, "இவங்க இறந்துட்டதா வந்திருக்கே" என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார். அதே பெயர், அதே கணவர் பெயர், கிட்டத்தட்ட அதே வயது கொண்ட இன்னொரு பெண் நான்கு தெரு தள்ளி இறந்திருக்கிறார். இரண்டு லிஸ்டைப் பொருத்திப் பார்த்தபோது கணினி இருவரையும் ஒருவராக்கிவிட்டது. ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், கவுன்சிலர் கடிதம் என்று நாலு மாதம் அலைந்தோம். பென்சன் மறுபடி வர ஆரம்பித்தது, ஆனால் நின்றுபோன மாதங்களின் காசு இன்றுவரை வரவில்லை.

நான் பத்து வருஷமாகத் தனியார் கம்பெனியில் டேட்டா வேலை பார்க்கிறவன். லிஸ்டோடு லிஸ்டைப் பொருத்துகிற வேலையை நானே பலமுறை செய்திருக்கிறேன், அதனால் அந்தத் தவறு எப்படி நடந்திருக்கும் என்பது ஆயாவுக்குப் புரிவதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. இப்போது கொருக்குப்பேட்டை, காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கத்து ஆட்கள் சிலர் சேர்ந்து ஒரு மனு தயார் செய்கிறோம். லிஸ்டை எப்படிச் சரிபார்க்க வேண்டும் என்று நாங்கள் கேட்கப் போகிறோம் என்பதை முடிவு செய்ய, இருக்கிற வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தேன். அந்தக் கணக்குதான் இது.

சரிபார்க்கவே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. 2023 ஆகஸ்ட்டிலிருந்து முதியோர் பென்சன் மாதம் 1,200 ரூபாய். அதில் மத்திய அரசின் பங்கு, மத்தியத் திட்டத்தில் வருகிறவர்களுக்கு, 79 வயது வரை 200 ரூபாய், 80 ஆனால் 500 ரூபாய், மீதியை மாநிலம் போடுகிறது. இறந்தவர் பெயரில் ஒருவர் இந்தப் பணத்தை எடுத்தால், விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் இன்னொரு கிழவிக்குப் போக வேண்டியதைத்தான் எடுக்கிறார், இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. மோசடி எவ்வளவு பெரிதாக நடக்கலாம் என்பதையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2020ல் பிஎம் கிசான் திட்டத்தில், கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உட்படப் பல மாவட்டங்களில், தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விவசாயிகளாகச் சேர்க்கப்பட்டு, சுமார் 110 கோடி ரூபாய் போயிருக்கிறது. அதிகாரிகளின் லாகின், பாஸ்வேர்டு வெளியே போய், புரோக்கர்கள் உட்கார்ந்து பதிவு செய்திருக்கிறார்கள். இந்த விஷயத்துக்குப் பின்னால் திரும்ப வருகிறேன், என் முடிவே இதில்தான் நிற்கிறது.

அதற்கு முன் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பணம் தப்பாகப் போவது என்றால் எல்லாமே திருட்டு இல்லை. வேண்டுமென்றே ஏமாற்றுவது ஒன்று, வாங்குகிறவர் தெரியாமல் ஒரு விவரத்தைச் சொல்லாமல் விடுவது இன்னொன்று, ஆபீசே தப்பாக ஏற்றுவது மூன்றாவது. பிரிட்டனில் நலத்துறை வருஷா வருஷம் மாதிரிக்குச் சில பயனாளிகளை எடுத்துப் பார்த்து இந்த மூன்றையும் தனித்தனியாக வெளியிடுகிறது, கூடவே கொடுக்க வேண்டியதைவிடக் குறைவாகக் கொடுத்தது எவ்வளவு என்றும் சொல்கிறது. நம் ஊரில் "இத்தனை போலிகளை நீக்கினோம்" என்ற எண்ணிக்கைதான் செய்தியாகிறது. அந்த எண்ணிக்கைக்குள் எங்கள் ஆயாவும் இருந்தார்.

சரி, முதல் வழி, லிஸ்டுகளைப் பொருத்துவது. பென்சன் லிஸ்டை இறப்புப் பதிவேட்டோடு, வாகனப் பதிவோடு, மின்சாரக் கணக்கோடு வைத்துப் பார்க்கிறார்கள். மலிவானது, வேகமானது, மகளிர் உரிமைத் தொகையில் நாம் எல்லோரும் நேரில் பார்த்தது. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு வந்தவை 1.63 கோடி விண்ணப்பங்கள், தேர்வானவர்கள் 1.06 கோடி பேர். வருஷ வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், மின்சாரம் வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்குள், சொந்தப் பயன்பாட்டுக்கு கார் இருக்கக் கூடாது என்பவை நிபந்தனைகளில் சில. இவ்வளவு பேரை வீடு வீடாகப் போய் மட்டும் பார்த்து முடித்திருக்க முடியாது, அதை ஒத்துக்கொள்கிறேன். நிராகரித்தவர்களுக்குக் காரணத்தை மெசேஜில் அனுப்பி, 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று வைத்ததும் நல்ல ஏற்பாடு.

ஆனால் வடசென்னையில் வாழ்கிற யாரிடமாவது அந்த மின்சார நிபந்தனையைச் சொல்லிப் பாருங்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரே மீட்டரில் நாலு குடித்தனம் ஓடுகிற வீடுகள் எத்தனை? அந்த மீட்டரின் 3,600 யூனிட் யாருடைய செலவு? பழைய மாருதியை மூன்று வருஷம் முன்பு விற்றவர், வாங்கினவர் ஆர்சி புக்கைத் தன் பெயருக்கு மாற்றாததால், பதிவேட்டில் இன்னும் கார் ஓனர். முகவரி இன்னும் கொடுமை. பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கும், ஒரு கார்டில் ஒன்று, இன்னொன்றில் மற்றது, வாரியக் குடியிருப்பில் பிளாக் எண்ணை விட்டுவிட்டு வீட்டு எண் மட்டும் ஏறியிருந்தால் பத்து குடும்பம் ஒரே வீட்டில் இருப்பது போலத் தெரியும், அப்புறம் ஏரியாவிலிருந்து பெரும்பாக்கத்துக்கோ கண்ணகி நகருக்கோ மாற்றப்பட்டவர்களின் பழைய முகவரி எந்த லிஸ்டில் இருக்கிறது எதில் இல்லை என்பது கடவுளுக்குத்தான் தெரியும்.

பெயரோ அதைவிட. லட்சுமி என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதுகிறோம். கல்யாணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியல், பின்னால் கணவரின் இனிஷியல். பொருத்துகிற மென்பொருள் எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தால்தான் ஒன்று என்று சொல்லாது, சொன்னால் எதுவுமே பொருந்தாது, அதனால் எத்தனை சதவீதம் ஒத்துப்போனால் ஒரே ஆள் என்று ஒரு கோடு போடுவோம். அந்தக் கோட்டைக் கீழே இறக்கினால் வேறு வேறு ஆட்கள் ஒன்றாகிறார்கள், மேலே ஏற்றினால் ஒரே ஆள் இரண்டாகத் தெரிகிறார். எந்த இடத்தில் போட்டாலும் யாராவது மாட்டுவார்கள். இந்தக் கோட்டை எங்கே வைத்தார்கள், அதனால் எத்தனை பேர் தவறாக மாட்டினார்கள் என்பதை ஒரு சின்னக் குறிப்பாகக்கூட எந்தத் துறையும் வெளியிட்டு நான் பார்த்ததில்லை.

இறப்புப் பதிவில் இன்னொரு சிக்கலும் உண்டு. மரணம் எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு. எண்ணூரில் இருப்பவர் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் இறந்தால் ராயபுரம் பக்கத்துப் பதிவில் வருவார், மகள் ஊருக்குப் போன இடத்தில் இறந்தால் வேறு மாவட்டத்தில் வருவார். ஆகவே உண்மையில் இறந்தவர் தப்பிவிடுகிறார், உயிரோடு இருப்பவர் பெயர் ஒற்றுமையால் மாட்டுகிறார், இரண்டு தவறும் ஒரே சல்லடையில்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மற்ற மாநிலங்களே சாட்சி. தெலங்கானாவில் பல துறைப் பதிவேடுகளைப் பொருத்தும் சமக்ர வேதிகா என்ற அமைப்பு இருக்கிறது, கார் வைத்திருக்கிற வேறு யாரோ ஒருவரோடு பெயர் ஒத்துப்போனதால் ஏழைக் குடும்பங்களுக்கு ரேஷன் கார்டு மறுக்கப்பட்ட சம்பவங்கள் அங்கே வெளிவந்தன. அந்த மாநிலத்தில் நேரில் விசாரிக்காமல் ரத்தான சுமார் 19 லட்சம் ரேஷன் கார்டுகளை மறுபடி சரிபார்க்கச் சொல்லி 2022ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. அதே வருஷம் ஹரியானாவில், பதிவேட்டில் இறந்துவிட்டதாகக் காட்டிப் பென்சனை நிறுத்தியதால், 102 வயது முதியவர் ஒருவர் மாப்பிள்ளை ஊர்வலம் போல ரதத்தில் ஏறி ரோத்தக் தெருக்களில் வந்து, தான் இருக்கிறேன் என்று காட்டினார். ஜார்க்கண்டில் 2016 முதல் 2018 வரை நீக்கிய ரேஷன் கார்டுகளைப் பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் சக ஆய்வாளர்களும் பத்து மாவட்டங்களில் ஆராய்ந்தபோது, அவற்றில் ஏறக்குறைய 88 சதவீதம் உண்மையான குடும்பங்களுடையவை என்று கண்டார்கள். பத்தில் ஒன்றுதான் போலி. மீதி ஒன்பதும் சாப்பாடு.

வருமானத்தைப் பொருத்தினால் என்ன ஆகும் என்பதை ஆஸ்திரேலியா 2015லிருந்து 2019 வரை செய்து பார்த்தது. வருமான வரித்துறையிடம் இருக்கும் ஆண்டு வருமானத்தை இரண்டு வாரக் கூறுகளாகச் சமமாகப் பிரித்து, அந்தந்த இரண்டு வாரத்தில் ஆள் சொன்ன வருமானத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசம் வந்தால் கடன் நோட்டீஸ் அனுப்பினார்கள். காசிமேட்டில் ஒருவரிடம் இதைச் சொன்னால் உடனே கையை உதறுவார். ஏப்ரல் 15லிருந்து 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளிக்குப் பிடிப்பு வருமானமே இல்லை, தடை முடிந்ததும் கொஞ்சம் கையில் நிற்கும், அதை 26ஆல் வகுத்தால் வருவது எந்த இரண்டு வாரத்திலும் அவர் பார்க்காத தொகை. ஆஸ்திரேலியாவிலும் அதுதான் நடந்தது. சுமார் 4.7 லட்சம் கடன் நோட்டீஸ்களின் பணம், 72 கோடி டாலருக்கு மேல், திருப்பித் தரப்படும் என்று 2020ல் அறிவிக்க நேர்ந்தது, 2023ல் ராயல் கமிஷன் அந்தத் திட்டத்தைக் கடுமையாகக் கண்டித்து அறிக்கை கொடுத்தது.

இரண்டாவது வழி, ஆளுக்கு மதிப்பெண் போடுவது. முன்பு பிடிபட்டவர்களின் விவரங்களைக் கொடுத்து மெஷினைப் பழக்கி, இவர் ஏமாற்ற எவ்வளவு வாய்ப்பு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு எண் வாங்குவது. டேட்டா கம்பெனிகள் அரசுக்கு விற்க வரும்போது முதலில் திறந்து காட்டுவது இந்தப் பக்கத்தைத்தான். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பத்தாயிரம் பேர் லிஸ்டில் 200 பேர் தப்பான ஆட்கள் என்று வைத்துக்கொள்வோம், கருவி 95 சதவீதம் சரியாகச் சொல்லும் என்றும் வைத்துக்கொள்வோம், இது தாராளமான அனுமானம். 200ல் 190 பேர் பிடிபடுவார்கள். மீதி 9,800 நேர்மையான ஆட்களில் ஐந்து சதவீதம், அதாவது 490 பேரும் கூடவே மாட்டுவார்கள். சிவப்புக்குறி விழுந்த 680 பேரில் 490 பேர் ஒரு தப்பும் செய்யாதவர்கள். 95 சதவீதம் என்ற வார்த்தையைக் கேட்டு ஆபீசில் யாரும் இந்தக் கணக்கைப் போட மாட்டார்கள், அதுதான் எனக்கு பயம்.

அதோடு மெஷின் பழகுவது பழைய விசாரணைகளிலிருந்து. எந்த ஏரியாவில் அதிகம் தேடினார்களோ அங்கேதான் அதிகம் பிடித்திருப்பார்கள், மெஷின் அந்த ஏரியாவையே ஒரு குற்ற அடையாளமாக எடுத்துக்கொள்ளும். வியாசர்பாடி, புளியந்தோப்பு என்று முகவரி சொன்னாலே வேலை கிடைக்காமல் போனவர்கள் எங்கள் நண்பர்களிலேயே இருக்கிறார்கள், அந்தப் பார்வையைக் கணினிக்குள்ளும் ஏற்றி வைக்க நான் உடன்பட மாட்டேன். நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் டச்சுக் குடியுரிமை இல்லாததையே ஆபத்துக் குறியாக எடுத்துக்கொண்டார்கள், பல்லாயிரம் பெற்றோர் மோசடிக்காரர்கள் என்று முத்திரை குத்தப்பட்டுக் கடனில் விழுந்தார்கள், 2021 ஜனவரியில் அந்த அரசே ராஜினாமா செய்தது. அமெரிக்காவின் மிச்சிகனில் வேலையின்மை உதவித்தொகைக்கு ஆள் பார்க்காமல் கணினியே மோசடி என்று தீர்மானித்த சுமார் 22,000 முடிவுகளைத் திரும்பப் பார்த்தபோது 93 சதவீதம் தவறு. இந்த வழி எங்கள் மனுவில் வேண்டாம். திருத்தி வாங்கலாம் என்றுகூட நான் கேட்கப் போவதில்லை.

ரேகை, முக அடையாளம் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் அனுபவம் இருக்கிறது. இறால் உரிக்கிற, ஐஸில் கைவைத்து மீன் வெட்டுகிற பெண்களுக்கு ரேகை விழாது, மெஷின் மூன்று தடவை சிவப்பு காட்டும். ஆனால் கருவியை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. ஆந்திராவில் ஊரக வேலைத் திட்டத்துக்கும் பென்சனுக்கும் ஸ்மார்ட் கார்டு கொண்டு வந்தபோது அதே முரளிதரன் குழு ஆராய்ந்தது. வேலைத் திட்டத்தில் பணக் கசிவு 41 சதவீதம் குறைந்தது, மக்கள் கைக்கு வந்த காசு கூடியது. கார்டு இல்லாதவருக்கும் ரேகை விழாதவருக்கும் கையால் பணம் கொடுக்க அங்கே வழி வைத்திருந்தார்கள். ஜார்க்கண்டில் ரேஷனுக்கு ரேகை கேட்டபோது செலவைக் குறைப்பதுதான் குறி, மாற்று வழி சுருங்கிவிட்டது, கசிவு குறைந்தது, கூடவே உண்மையான ஆட்களின் பங்கும் போனது. ரேகை வைத்தாலும் வைக்காவிட்டாலும், விழாதவருக்கு என்ன வழி என்பதுதான் கேள்வி.

இப்போது எனக்குப் பிடித்த வழிக்கு வருகிறேன். வாங்குகிறவரை விட்டுவிட்டுப் பணம் போகிற பாதையைப் பார்ப்பது. பிஎம் கிசான் விஷயத்தை இந்தக் கண்ணால் பாருங்கள். ஒரு மாவட்டத்தில் மாதாமாதம் சில நூறு பேர் சேருகிற இடத்தில் திடீரென்று ஆயிரக்கணக்கில் சேருகிறார்கள், ஒரே லாகினிலிருந்து. எந்த விவசாயி உண்மையான விவசாயி என்று எந்தக் கணினியும் யோசிக்க வேண்டியதே இல்லை, லாகின் வாரியாக, நாள் வாரியாக எத்தனை பதிவு என்று ஒரு சாதாரண வரைபடம் போட்டிருந்தால் முதல் வாரத்திலேயே கோடு கூரையைத் தொட்டிருக்கும். மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத் பற்றிய 2023ஆம் ஆண்டுத் தணிக்கை அறிக்கையில், 9999999999 என்ற ஒரே மொபைல் எண்ணில் ஏறக்குறைய 7.5 லட்சம் பயனாளிகள் பதிவாகியிருந்ததைச் சொன்னார்கள். அது பயனாளியின் குற்றமா? பதிவு செய்தவர் எண் கேட்காமல் ஒன்பதைத் தட்டிவிட்டார், அவ்வளவுதான். எந்த எண் எத்தனை பேருக்கு என்று எண்ணிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

பென்சனுக்கு இதையே போட்டால் என்னென்ன தெரியும்? ஒரே வங்கிக் கணக்கில் விழும் பல பேருடைய பென்சன். ஒரே முகவரின் மெஷினில் பத்து நிமிடத்துக்குள் அறுபது பேர் பணம் எடுத்ததாகப் பதிவு. ஒரு வருஷமாக உள்ளே வந்துகொண்டே இருக்கிறது, ஒரு ரூபாய் எடுக்கவில்லை என்ற கணக்கு, அங்கே ஒருவர் இறந்திருக்கலாம், அல்லது படுத்த படுக்கையாக இருக்கலாம், எதுவானாலும் ஒரு ஆள் போய்ப் பார்க்க வேண்டிய வீடு அது. ஆதாரோடு கடைசியாக இணைத்த வங்கிக் கணக்குக்குத்தான் பணம் போகும் என்பதால், தெரியாமலே வேறு கணக்குக்கு மாறிப்போன பணமும் இதில் தெரியும். இந்த வழியிலும் தவறு வரும். முதியோர் இல்லத்தில் இருபது பேருக்கு ஒரே மொபைல் எண் இருக்கும், அப்பா அம்மா இருவர் பணமும் மகன் கணக்குக்குப் போகும். ஆனால் சந்தேகம் முதலில் விழுவது லாகின் மேல், முகவர் மேல், கணக்கின் மேல். விளக்கம் சொல்ல வேண்டியவர் ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர், வரிசையில் நிற்கும் கிழவி இல்லை. பெரிய தொகை போவதும் பெரும்பாலும் இந்த இடங்களில்தான் என்பது என் கணிப்பு, ஏனென்றால் ஒரு ஆயா தனியாக ஏமாற்றினால் 1,200 ரூபாய், ஒரு லாகின் ஏமாற்றினால் கோடி.

கடைசி வழி ரொம்பச் சாதாரணமானது, போன் போட்டுக் கேட்பது, நேரில் போவது. 2018ல் தெலங்கானாவில் விவசாயிகளுக்கு ஏக்கருக்கு 4,000 ரூபாய் காசோலை கொடுத்தபோது, வாங்கினீர்களா என்று விவசாயிகளிடம் போனில் கேட்கப் போகிறோம் என்று சில பகுதி அதிகாரிகளிடம் மட்டும் முன்பே சொல்லி வைத்தார்கள். அந்தப் பகுதிகளில் காசோலை கிடைத்தவர்கள் 1.5 சதவீதம் கூடினார்கள். கேட்க ஒரு ஆள் இருக்கிறார் என்று தெரிந்ததாலேயே. நேரில் போவதற்கும் எல்லா வீட்டுக்கும் போக வேண்டாம். பத்தாயிரம் பேர் லிஸ்டில் குலுக்கல் முறையில் 400 வீட்டைத் தேர்ந்தெடுத்து ஒழுங்காகப் போய்ப் பார்த்தால், தப்பு இரண்டு சதவீதம் வாக்கில் இருந்தால், விடை ஒன்றரை சதவீதம் முன்பின்னாக வந்துவிடும். அந்த 400 பேரிடம் வாங்குகிறீர்களா என்று மட்டும் கேட்காமல், எத்தனை மாதம் நின்றது என்றும் கேட்கலாம். அப்போதுதான் நமக்கு இருக்கும் நோய் திருட்டா, ஆபீஸ் தவறா, பணம் நிற்பதா என்பதே தெரியும். தெரியாமல் மருந்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

மனுவில் நான் எழுதியிருப்பது இப்படி. முதலில் அந்த 400 வீட்டுக் கணக்கெடுப்பு, முடிவு தமிழில் பொதுவில் வர வேண்டும். பகுப்பாய்வுக்கு வைத்திருக்கும் பணத்தைப் பாதைப் பரிசோதனையில் போட வேண்டும், லாகின், முகவர், வங்கிக் கணக்கு. லிஸ்டுப் பொருத்தத்தை ஒழித்துவிடச் சொல்லவில்லை, ஆனால் அதில் பெயர் வந்தால் அது ஒரு வீட்டுக்குப் போய்ப் பார்க்கச் சொல்லும் சீட்டு மட்டும்தான், பணத்தை நிறுத்தும் உத்தரவு கிடையாது. வருவாய் ஆய்வாளர் கதவைத் தட்டி, ஆள் இல்லை என்று பக்கத்து வீட்டாரிடமும் கேட்டு எழுதின பிறகே எதுவும். தமிழ்நாடு 2020லேயே பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கென்று ஒரு கொள்கை வெளியிட்டிருக்கிறது, ஆகவே இது புதிதாகக் கேட்கும் சலுகையும் இல்லை.

எங்களுக்குள் இன்னும் முடியாமல் இருப்பது, பென்சனை நிறுத்துவதற்கு முன் எத்தனை நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்பது. 30 நாள் போதும் என்று இரண்டு பேர் சொல்கிறார்கள், உரிமைத் தொகை மேல்முறையீட்டுக்கு அதுதானே என்கிறார்கள். நான் 60 கேட்கிறேன். ஸ்டான்லியில் ஒரு மாதம் படுத்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள், பேத்தி பிரசவத்துக்கு ஊருக்குப் போனவர் திரும்ப ஒன்றரை மாதம் ஆகும், மெசேஜ் வந்த போன் பேரனிடம் இருக்கும். எங்கள் ஆயாவுக்குத் தெரிந்ததே மூன்றாவது மாதம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோருக்கும் படித்துக் காட்டப் போகிறோம், ஆயாவும் வருகிறேன் என்றிருக்கிறார். ஏழு மாதத்துக்கு 8,400 ரூபாய், அதையும் எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.